மெத்வேத்: தேனை அறிந்ததா, தேனைத் தின்பதா?

கேள்வி (தேன்கனிக்கோட்டையிலிருந்து):
ருஷ்ய மொழியில் கரடியை ‘மெத்வேத்’ என்பர். இதற்கு மூலமாக மீட்டுருவாக்கி, உடுக்குறியிட்டு எழுதப்படும் *மெத்வேதி என்னும் தொல் ஸ்லாவிய (ருஷ்யம், போலிஷ், உக்ரைனியம் முதலியவற்றின் மூலமொழி) பெயர்ச்சொல்லைத் தேன், அறிதல் எனப் பிரித்து, ‘தேன் இருக்குமிடம் அறிந்தது’ என்று சிலர் பொருள் கூறுகின்றனர். ‘வேதம்’ என்பதும் அறிதலைக் குறிக்கும் அதே வேரில் பிறந்த சொல்லாதலால் இது பொருத்தமாகவே தோன்றுகிறது. சரிதானா, ஐயா?

மறுமொழி (தருமபுரி):
பிரித்த இடம் தவறு. ‘வ்’ இரண்டாம் சொல்லுக்கு உரியதன்று. தேனைக் குறித்த ‘மெது’ என்பதன் ஈற்று உகரமே உயிரின்முன் வகரமாகத் திரிந்து நிற்கிறது. மனு + அந்தரம் ‘மன்வந்தரம்’ ஆவது போன்றது இது. பூவரசில் வரும் உடம்படுமெய்யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஞ்சும் ‘ஏத்’ தின்னுதலைக் குறிக்கும் வேர். தின்னுதலில் இருந்த பழைய நெட்டேகாரமும், அறிதலில் இருந்த பழைய ‘ஒய்’ என்னும் ஈருயிரும் ஸ்லாவியத்தில் ஒரே ஒலியாக ஒன்றிவிட்டமையால்தான் இந்த மயக்கம். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் (1.164.22) தேன் தின்னும் பறவைகளைக் குறிக்கும் ‘மத்வத்’ என்ற சொல்லும் இவ்வாறே அமைந்தது.

மறுமொழி (பென்னாகரம்):
ஏன் இப்படிச் சுற்றிவளைத்துப் பெயரிட்டார்கள் என்பதே எனக்குச் சுவையானது. வடமொழி ‘ருக்ஷ’, கிரேக்க ‘ஆர்க்தொஸ்’, இலத்தீன் ‘உர்சுஸ்’ ஆகியவற்றில் எஞ்சியுள்ள பழைய சொல் ஸ்லாவியத்தில் வழக்கிழந்தது. வாய்விட்டுச் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது பரவலான கருத்து. இரவில் பாம்பு என்று சொல்லவிடாமல் ‘பூச்சி’ என்று சொல்லவைத்த என் பாட்டிக்கு இதை விளக்கவே தேவையிருந்திராது! நம் காவிரி வடக்குக் காடுகளில் திரியும் கரடிக்கு அறிவியலார் இட்ட ‘மெலுர்சுஸ்’ என்னும் பேரினப்பெயரிலோ, இலத்தீன் தேனும் அந்தப் பழைய சொல்லும் சேர்ந்தே இருக்கின்றன.

கேட்டவர்:
நன்றி, ஐயா. உக்ரைனியர் ‘வெத்மீத்’ என்கிறார்களே, அதில் அறிதல் முன்னால் நிற்கிறதே?

மறுமொழி (தருமபுரி):
அது ஒலிகள் இடம் மாறியதால் விளைந்தது. போலிஷில் முதலெழுத்தான மகரமே நகரமாகிவிட்டது. பொருள் மங்கிய சொல்லை நாக்கு தன் போக்கில் திருப்பிக்கொள்ளும். உங்கள் ஊரையே தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ‘டெங்கணி’ என்றல்லவா தொடங்குகிறார்கள்? அந்த ஊர்ப்பெயரில் உள்ள ‘தேனையும்’ சற்று ஐயத்தோடு பாருங்கள்.