டீம் டைம் டிரையல்: பாதி வழியில் எப்போதும் ஒரே ஆள் கழன்றுவிடுகிறார், என்ன செய்யலாம்?

முட்டுக்காடு_காலை:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஒரே குடியிருப்பு. இரண்டு வருடமாக ஞாயிறு காலை ஈசிஆரில் சேர்ந்து ஓட்டுகிறோம். பிப்ரவரி கடைசியில் 40 கி.மீ. டீம் டைம் டிரையல் (குழுவாகச் சேர்ந்து நேரத்தை எதிர்த்து ஓட்டும் சைக்கிள் போட்டி) ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. அதன் பிறகு மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் (வளைவுகள் சரிவாக உள்ள சைக்கிள் டிராக்) டீம் பர்சூட், அதாவது நால்வர் குழுவாக டிராக்கில் ஓட்டும் போட்டி, ஓட்டிப் பார்க்கவும் ஆசை.

தனியாக ஓட்டினால் நால்வருமே மணிக்கு 34, 35 கி.மீ. வேகத்தை ஒரு மணி நேரம் தாங்குவோம். சேர்ந்து 38 பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டோம். முட்டுக்காட்டிலிருந்து தெற்கே போகும்வரை சிக்கல் இல்லை. திரும்பி வரும்போது 25, 26 கி.மீ. ஆனதும் ஒருவர் வரிசையோடு ஒட்ட முடியாமல் கழன்றுவிடுகிறார். மூன்று ஞாயிறும் அதே ஆள். தன் முறைக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்துவிட்டு, விலகிப் பின்னால் வந்து சேரும் நேரத்தில்தான் அது நடக்கிறது. அவருக்குப் பதில் வேறு ஆளைப் போடலாம் என்கிறார்கள் மற்ற இருவரும். எனக்கு மனசு வரவில்லை, இந்தக் குழுவை ஆரம்பித்ததே அவர்தான். அவர் கால் வலுவை ஒரு மாதத்தில் ஏற்ற வழி உண்டா?

செயின்_எண்ணெய்:
முதலில் வண்டியைப் பாருங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசினால்கூட இப்படி ஆகும். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறாரா?

முட்டுக்காடு_காலை:
வண்டியைப் பார்த்துவிட்டோம், சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது. வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்.

பழைய_டிராக்:
தம்பி, கால் வலுவை அப்புறம் பார்க்கலாம். அவர் பின்னால் வரும் நேரத்தில் முன்னால் வந்த ஆள் என்ன வேகத்தில் போகிறார்? சைக்கிள் கம்ப்யூட்டர் பதிவில் ஆள் மாறும் இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

முட்டுக்காடு_காலை:
பார்த்தேன் அண்ணா. எங்களில் வலுவான ஆள் முன்னால் வரும்போதெல்லாம் 38 இருந்தது 41 ஆகிறது. அவருக்கு முன் இழுப்பவர்தான் கழன்றுபோகிறவர். விலகியதும் அவர் 34-க்கு இறங்கிவிடுகிறார்.

பழைய_டிராக்:
அப்படியென்றால் அவர் மேல் தவறில்லை. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 38-லிருந்து 41 என்றால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். மற்ற இருவரும் முன்னால் இருப்பவரின் மறைவில் இருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள். இவரோ அப்போதுதான் இழுத்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வெளிக்காற்றில் இருக்கிறார். அந்த நிலையில் 34-லிருந்து 41-க்குப் பாய்ந்தால்தான் கடைசிச் சக்கரம் கைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பாய்ந்தால் யாராக இருந்தாலும் 25 கி.மீ.யில் தீர்ந்துபோவார்.

வலுவான ஆளிடம் சொல்லுங்கள்: முன்னால் வந்ததும் முதல் பத்து நொடிக்கு மீட்டரில் 38 மாறவே கூடாது. வலு மிச்சம் இருந்தால் வேகத்தை ஏற்றாமல் அதிக நேரம் இழுக்கட்டும். 60 நொடிகூட இழுக்கலாம். களைத்தவர் 15 நொடி இழுத்தால் போதும், ரொம்ப முடியாத நேரத்தில் இழுக்காமலே விட்டுவிடலாம். விலகுகிறவர் மிதிப்பதை நிறுத்தவே கூடாது. 36 அளவில் மெதுவாக நழுவி வரட்டும். கடைசி ஆள் தன் தோளுக்கு நேரே அவர் வந்ததும் "கடைசி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதுமே இவர் மிதியைக் கூட்ட வேண்டும், சக்கரம் தாண்டிப் போன பிறகு கூட்டினால் ஏற்கனவே தாமதம்.

கோவளம்_காற்று:
இன்னொன்று. இந்த ஜனவரிக் காலைகளில் வடகிழக்குக் காற்று. திரும்பி வரும்போது அது வலது முன்பக்கத்திலிருந்து அடிக்கும், முட்டுக்காடு பாலத்தில் மறைப்பே கிடையாது. நீங்கள் எந்தப் பக்கம் விலகுகிறீர்கள்?

முட்டுக்காடு_காலை:
எப்போதும் இடது பக்கம். வலது பக்கம் வண்டிகள் வருமே என்று.

கோவளம்_காற்று:
காற்று வலதிலிருந்து வந்தால் மறைவு இடது பின்பக்கத்தில்தான் விழும். அதே இடத்தில் நீங்கள் இறங்கினால் பின்னால் வருகிறவர்கள் காற்றுக்குள் தள்ளப்படுவார்கள். சாலையை அடைத்து நடத்தும் போட்டியில் காற்று வரும் பக்கமாகவே விலகுங்கள். ஆனால் போக்குவரத்து உள்ள ஞாயிறு பயிற்சியில் இதைச் செய்யவே வேண்டாம். ஒற்றை வரிசையில் ஓரமாகப் போங்கள், பாலத்தில் ஆள் மாற வேண்டாம். நேரம் போனால் போகட்டும்.

முட்டுக்காடு_காலை:
(மூன்று வாரம் கழித்து) நேற்று 38 கி.மீ.வரை நால்வரும் சேர்ந்தே வந்தோம். சராசரி 37.4. வலுவான ஆளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, 38-லேயே இருக்க அவர் நிறையப் பழக வேண்டியிருந்தது. வேறு ஆள் பேச்சே இப்போது இல்லை. டிராக்குக்கும் இதே முறைதானா?

பழைய_டிராக்:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. அடிப்படை ஒன்றுதான், ஆனால் டிராக் வண்டியில் பிரேக் இல்லை, கியர் ஒன்றுதான், மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் பெடலே ஆளைத் தூக்கிவிடும். இழுத்து முடித்து விலகும்போது, வளைவு தொடங்கும் இடத்தில் சரிவில் மேலேறுங்கள், வேகம் தானாகக் குறையும். மூவரும் கீழே கடந்ததும் இறங்குங்கள், ஏறியபோது போன வேகம் திரும்பக் கிடைக்கும். ரொம்ப உயரம் ஏறினால் தூரம் கூடும், திரும்பி ஒட்டவும் முடியாது. மற்ற நேரமெல்லாம் கறுப்புக் கோட்டை விட்டு விலக வேண்டாம், தூரத்தை அளப்பதே அந்தக் கோட்டில்தான்.

டோக்கியோ ஒலிம்பிக் ஆண்கள் டீம் பர்சூட் இறுதியைத் தேடிப் பாருங்கள். கடைசி கிலோமீட்டர் தொடங்கும்போது இத்தாலி டென்மார்க்குக்குப் பின்னால் இருந்தது. இத்தாலியின் வலுவான ஆள் ஃபிலிப்போ கன்னா முன்னால் வந்து நீளமாக இழுத்தார், அவர் பின்னால் இருந்தவர்களும் சிதறவில்லை. இத்தாலி வென்ற நேரம் 3:42.032, அப்போது உலக சாதனை. வித்தியாசம் 0.166 நொடி. வலுவான ஆளை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் நண்பருக்குக் காட்டுங்கள்.

கியருக்கு முன்னால் 49 பல், பின்னால் 15 பல்லில் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 97 சுற்று மிதித்தால் 40 வேகம் வரும். முதல் நாள் நால்வர் வேண்டாம், இரண்டு இரண்டு பேராக ஏறி இறங்கிப் பழகுங்கள். முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

முட்டுக்காடு_காலை:
சரி அண்ணா. குழுவை ஆரம்பித்தவரையே முதல் நாள் என்னோடு ஜோடியாகக் கூட்டிப்போகிறேன்.