காய்ச்சல் போன பிறகு வந்த இரண்டாவது சுற்று

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பையனுக்கு அப்போது மூன்று வயது. முதலில் காய்ச்சல், அப்புறம் இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிசான நடவு நேரம், வீட்டைச் சுற்றி வயல். கொசுவால் வந்த மூளைக்காய்ச்சல் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால் ஹெர்பிஸ் வைரஸ். உதட்டில் கொப்புளம் வருமே, அந்தக் கிருமிதான். அந்த வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிர் 21 நாள் ஏறியது. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தான்.

பத்து நாள் இருக்கும். ராத்திரித் தூக்கம் போனது. பேச்சு குறைந்து, 'ஆச்சி' என்று கூப்பிடுவதுகூட நின்றது. வாய் சும்மாவே மெல்லும். விரல்கள் மாவு பிசைவது போல நெளியும். "ஏட்டி, பிள்ள எதையோ கண்டு பயந்திருக்கான்" என்று மாமியார் சுடலைமாடன் கோயில் திருநீற்றைப் பூசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கூடப் போனவள்தான். ஆனால் நான்கு நாள் அதில் போனது இன்றும் உறுத்துகிறது.

வைரஸ்தான் மறுபடி கிளம்பிவிட்டது என்று பயந்து போனோம். மறுபடி எடுத்த முதுகு நீரில் வைரஸ் இல்லை. மூளை செல்லின் மேல் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி இருந்தது, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் சொந்த மூளையையே தாக்கியது. நான் போனில் எடுத்து வைத்திருந்த விடியோவைப் பார்த்துத்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வந்தது. "வைரஸ் செல்லை உடைக்கும்போது உள்ள இருக்கிறது வெளிய தெரியுது, உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்குதுன்னு நினைக்கிறோம்" என்றார். இந்த நோய்க்கு ஆன்டிபாடியைக் கண்டுபிடித்ததே 2007-ல்தான். அதற்கு முன் இப்படி ஆன பிள்ளைகளை எந்தக் கோயிலில் உட்கார வைத்தார்களோ. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்த 51 பேரைத் தொடர்ந்து கவனித்த ஸ்பெயின் ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. அதில் 14 பேருக்கு மூன்று மாதத்துக்குள் இதே மாதிரி இரண்டாவது சுற்று வந்திருக்கிறது.

ஐந்து நாள் ஸ்டீராய்டு. அப்புறம் இம்யூனோகுளோபுலின், மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து, உடல் எடை கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. அவன் 12.5 கிலோ, அதனால் தினம் ஒரு 5 கிராம் பாட்டிலாக ஐந்து பாட்டில். "குலுக்கிராதீங்கக்கா, நுரைச்சிரும்" என்று நர்ஸ் சொன்னதில், பாட்டில் பக்கம் நடக்கவே பயந்தேன்.

விரல் நெளிவு மூன்று வாரத்தில் அடங்கியது. பேச்சு வர மாதக்கணக்கானது. இப்போது ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறான். சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் வலது கையாலேயே போடுகிறான்.