மெம்பர் இன்சிடென்ஸ்: 'கணுவரிசை' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

கட்டமைப்பின் விவரங்களைக் கணக்கிடும் மென்பொருளுக்கு உரைக்கோப்பாக எழுதிக் கொடுக்கும் முறைக்கான சொற்களில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. உள்ளீட்டுக் கோப்பு, கணு (நோட்), உறுப்பு (மெம்பர்), தாங்கி (சப்போர்ட்), சுமை எதிலும் யாருக்கும் மறுப்பில்லை. இடிப்பது 'மெம்பர் இன்சிடென்சஸ்' மட்டும்தான். ஒவ்வோர் உறுப்பும் எந்தெந்தக் கணுக்களைச் சேர்க்கிறது என்று எழுதும் பகுதியின் தலைப்பு அது.

இதுவரை வந்த யோசனைகளில் 'உறுப்பு நிகழ்வு' வேண்டாம். அது நோய்ப் புள்ளிவிவரத்தில் வரும் இன்சிடென்ஸ். ஒளியியலின் படுகோணத்தை வைத்துச் சொன்ன 'படுகை'யும் ஒட்டாது. கேட்டவுடன் ஆறுதான் நினைவுக்கு வரும். 1964இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் ஃபென்வெஸ் குழுவினர் உருவாக்கிய 'ஸ்ட்ரெஸ்' என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு நிரலிலேயே இந்தத் தலைப்பு உண்டு. ஒரு கோடு எந்தெந்த முனைகளில் போய்ச் சேர்கிறது என்னும் கோட்டுருவியல் (கிராஃப் தியரி) பொருள்தான் இங்கே. ஸ்டாட் (STAAD) மென்பொருள் இன்றும் அதே தலைப்பை வைத்திருக்கிறது.

'கணு இணை' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் சுவர், தளம் போன்றவற்றுக்கான தகட்டுக் கூறுக்கு (பிளேட் எலிமென்ட்) மூன்று அல்லது நான்கு கணுக்கள் வருமே! 'தொடுப்பு' அழகான சொல்தான். ஊர்ப்பக்கம் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். வகுப்பில் சொன்னால் பாடம் அன்றைக்கு நடக்காது.

நான் சொல்வது 'கணுவரிசை'. எந்தக் கணுக்கள் என்பதோடு, எந்த வரிசையில் என்பதும் இந்தக் கட்டளையில் இருக்கிறது. ஸ்டாட் கோப்பில் '1 1 2' என்று எழுதினால், 1ஆம் உறுப்பு 1ஆம் கணுவில் தொடங்கி 2ஆம் கணுவில் முடிகிறது. '1 2 1' என்று எழுதினாலும் திரையில் அதே கோடுதான் தெரியும். ஆனால் உறுப்பின் மேல் வரும் புள்ளிச்சுமையின் தூரம் தொடக்கக் கணுவிலிருந்து அளக்கப்படுகிறது.

4 மீட்டர் நீளம், இரு முனையிலும் சாதாரணத் தாங்கி, 1.5 மீட்டரில் 10 கிலோநியூட்டன் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் கணுவில் தாங்கி தரும் எதிர்வினை 6.25 கிலோநியூட்டன், 2ஆம் கணுவில் 3.75. வரிசையைத் திருப்பி எழுதினால் இவை இரண்டும் இடம் மாறிவிடும். கூட்டினால் அப்போதும் 10தான். பெரும வளைவுத் திருப்புமையும் (பெண்டிங் மொமென்ட்) 9.375 கிலோநியூட்டன் மீட்டராக அப்படியே நிற்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. மேலோட்டமாகச் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் படாது.

தகட்டில் இது இன்னும் மோசம். கணுக்களை எந்தச் சுற்றில் எழுதுகிறோமோ அதை வைத்து வலக்கை விதிப்படி தகட்டின் சொந்த இசட் அச்சு அமைகிறது. திசை எதுவும் சொல்லாமல் அழுத்தம் கொடுத்தால் அது அந்த அச்சின் வழியேதான் போகும். நீர்த்தொட்டிச் சுவரில் நான்கு கணுக்களை எதிர்ச்சுற்றாக எழுதிவிட்டால், தண்ணீர் சுவரை உள்நோக்கித் தள்ளுவதாகக் கணக்கு நடக்கும். 'இணைப்பு' என்று பொதுவாக மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது. அதோடு, போல்ட், வெல்டிங் பேசும்போது அதே 'இணைப்பு' நமக்கு வேறு வேலைக்கு வேண்டும்.

இன்னொரு வசதி: நாஸ்ட்ரான், அபாக்கஸ் போன்ற பிற மென்பொருள்களின் கோப்புகளில் இன்சிடென்ஸ் என்ற தலைப்பே கிடையாது. அங்கே கூறை வரையறுக்கும் வரியிலேயே கணு எண்கள் வந்துவிடும். பேச்சில் கனெக்டிவிட்டி என்பார்கள். செய்கிற வேலை ஒன்றுதான் என்பதால் அதற்கும் கணுவரிசையையே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 'கணு 2ஐத் தொடக்கமாக வைத்துக் கணுவரிசையைத் திருப்பு' என்று வாக்கியம் எழுதும்போதும் உறுத்தவில்லை.

கணு எண்களின் பட்டியல் என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்ற தயக்கம் கொஞ்சம் இருக்கிறது. அதனால் தலைப்பில் 'உறுப்பின் கணுவரிசை', 'தகட்டின் கணுவரிசை' என்று முழுதாகவே எழுதலாம் என்பது என் எண்ணம்.

லோக்கல் ஆக்சிஸுக்கு மேலே 'சொந்த அச்சு' என்று எழுதியிருக்கிறேன். 'உறுப்பச்சு' தகட்டுக்குப் பொருந்தாது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.