டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச்: பரிமாற்றமா, பரிமாறலா?

> ‘இயங்குநிலைத் தரவுப் பரிமாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஓடும் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குத் தரவைக் கொண்டுசேர்க்கும் ‘டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச்’ (டி.டி.இ.) முறைக்கு இப்படித் தமிழ்ப்பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிமாற்றம் என்றால் நான் ஒன்று கொடுக்க, நீங்கள் ஒன்று தருவது. 1987இல் விண்டோஸில் வந்த இந்த முறையில் பெரும்பாலும் ஒரு நிரல் தருகிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சில காலம் கணக்கு எழுதினேன். மாலையில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தராசோடு இணைந்த நிரல் எடையைத் திரையில் காட்டும். அதைப் பார்த்து எக்செல் தாளில் தட்டுவேன். ஒரு மழைநாளில் 74 கிலோவை 47 என்று தட்டிவிட்டேன். இலைக்காரர் மறுநாள் சீட்டோடு வந்து நின்றார். அதன் பிறகுதான் புத்தி வந்தது. சமக்குறி, எடை நிரலின் பெயர், ஒரு செங்குத்துக்கோடு, தலைப்பு, ஒரு வியப்புக்குறி, உருப்படி: கட்டத்தில் இவ்வளவுதான் எழுதினேன். எடை தானாக வந்து விழுந்தது. ஈரத்துக்குக் கழிக்கும் எடையையும் தாளே போட்டுக்கொண்டது.

அங்கே நடந்தது பந்தி. கேட்டால் மட்டும் இலையில் வைப்பது ஒரு வகை. ‘புதிதாகச் சாம்பார் வந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, கேட்டபின் ஊற்றுவது இன்னொன்று. கேட்காமலே வைத்துக்கொண்டே போவது மூன்றாவது. நிரல்களின் இணைப்பிலும் இந்த மூன்று வகை உண்டு, ஆங்கிலத்தில் அவற்றுக்குக் குளிர், வெதுவெதுப்பு, சூடு என்று பெயர். ‘சூடான இணைப்பு’ என்று எழுதினால் எங்கள் ஊர்க் குளிரில் தேநீர் என்றுதான் நினைப்பார்கள். கேட்பு இணைப்பு, அறிவிப்பு இணைப்பு, தொடர் இணைப்பு போதும்.

வாங்கும் நிரல் எதிர்த்திசையில் தரவு அனுப்பவும் வழி உண்டே என்பீர்கள். உண்டு. பந்திக்கு வந்தவர்கள் மொய் எழுதுவதில்லையா? (மொய்யைக் கலைச்சொல்லாக்கச் சொல்லவில்லை, அதற்குச் ‘செலுத்தல்’ என்கிறேன்.) பரிமாறு என்பதற்கே கொடுத்துவாங்கும் பொருளும் உண்டு என்று யாராவது அகராதியைப் பிரிப்பீர்கள். நல்லது, அதுவும் உள்ளே அடங்கிவிடுகிறது.

ஆகவே என் முன்மொழிவு: ‘நிரலிடைப் பரிமாறல்’. ‘செயலியிடை’ வேண்டாம், கணினியின் மூளைக்கும் செயலி என்றே எழுதுகிறோம். 1993இல் வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட், லினக்ஸின் டி-பஸ் என்று ஓடும் நிரல்களைப் பேசவைக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு குடைக்குள் நிறுத்தலாம். விண்டோஸின் டி.டி.இ. ஒரு தனிப்பெயர், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

வேர்டு ஆவணங்கள் வழியே தீநிரல்களை ஏவ விஷமிகள் டி.டி.இ.யைப் பயன்படுத்தியதால், 2017 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வேர்டில் இதை இயல்புநிலையில் முடக்கியது. யார் பரிமாறுகிறார் என்று பார்க்காமல் இலை விரித்ததன் பலன்.

தரும் நிரலுக்கு ‘வழங்கி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. வாங்கும் நிரலுக்குத்தான் திண்டாட்டம். ‘வாடிக்கையாளர்’ என்றால் மளிகைக்கடை நினைவு வருகிறது. ‘பெறுநி’ எப்படி?