டிசம்பர் விடுமுறையில் சுவிஸ் கிராமத் திருவிழா: எதைப் பார்ப்பது?

செங்காங் மீனா:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் பள்ளி ஆண்டிறுதி விடுமுறை வரும்போது சுவிட்சர்லாந்து போவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. பனிமலை, சாக்லேட் கடை எல்லாம் டூர்க்காரர்களே காட்டிவிடுவார்கள். எனக்கு வேண்டியது வேறு. அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே கொண்டாடுகிற திருவிழா ஒன்றையாவது பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6, அவனுக்கு முகமூடி என்றாலே பயம். மாமியாரும் வருகிறார், சைவம், முழங்கால் வலி உண்டு. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 31 வரை எந்த வாரமானாலும் எங்களுக்குச் சரிதான். அங்கே போனவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

தோ பாயோ குமரன்:
டிசம்பர் 5 இரவு குஸ்நாக்ட் போங்கள். புனித நிக்கலஸ் திருநாளுக்கு முந்தின இரவு, கிளாவுஸ்யாகன் என்று பெயர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு வெடிச்சத்தம் கேட்கும், தெருவிளக்கெல்லாம் அணைந்துவிடும், முதலில் நீளமான சாட்டைகளைச் சொடுக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வரும், அந்தச் சத்தம் நெஞ்சில் இறங்கும். அதற்குப் பின்னால் பிஷப்பின் தொப்பி வடிவத்தில் பெரிய பெரிய விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். அட்டையை நுணுக்கமாக வெட்டி, உள்பக்கம் வண்ணத்தாள் ஒட்டி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றியது, தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னல் நடந்து வருவது போலிருக்கும். சில விளக்குகள் ஆள் உயரத்தையே தாண்டும். கடைசியில் வருகிற மணிக்காரர்கள் கூட்டம் முடியவே முடியாது. முகமூடி கிடையாது, பையனுக்குப் பிரச்சினை இல்லை. நிக்கலஸ் கூட ஷ்முட்ஸ்லி என்று கறுப்பு அங்கிக்காரர் வருவார், அவரைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: ரயில் டிக்கெட் எடுக்கும்போது ‘குஸ்நாக்ட் அம் ரிகி’ என்று பார்த்து எடுங்கள். லூசர்ன் பக்கம் இருப்பது அது. ஜூரிக் ஏரிக்கரையிலும் கிட்டத்தட்ட இதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.

ஈசூன் வாசுகி:
மீனா, மாமியாரை நினைத்தால் நான் ஜெனிவாவைத்தான் சொல்வேன். வேலை நிமித்தம் அங்கே குடியிருந்தேன், அதனால் தெரியும். 1602இல் டிசம்பர் 11 இரவு சவாய் பிரபுவின் படை ஏணி வைத்துக் கோட்டைச்சுவர் ஏறப் பார்த்தது, ஊர் மக்கள் திரண்டு விரட்டிவிட்டார்கள். அதில் ரோயோம் என்ற அம்மா கொதிக்கிற காய்கறி சூப்பை அண்டாவோடு தூக்கிப் படைவீரன் தலையில் போட்டாராம். அந்தத் தேதியை ஒட்டிய வார இறுதியில் எஸ்கலாட் கொண்டாடுவார்கள், பழைய நகரத்தில் அந்தக்கால உடையில் குதிரைகளும் தீப்பந்தங்களுமாக ஊர்வலம் போகும். பிள்ளைகளுக்குப் பிடிப்பது சாக்லேட் அண்டா. உள்ளே பாதாம் மாவில் செய்த குட்டிக் குட்டிக் காய்கறிகள் இருக்கும், கூட்டத்தில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து கையால் அதை உடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது பாட்டியும் பேரனும்! காய்கறி சூப்பும் தெருவிலேயே கிடைக்கும், எலும்புச் சாறு சேர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய நகரம் மேட்டில் இருக்கிறது, அதனால் மேலே வரை பஸ்ஸில் போய்விடுங்கள்.

புக்கிட் பாஞ்சாங் அண்ணாமலை:
இரண்டும் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் மீனா கேட்டது ஊர்க்காரர்கள் தங்களுக்காகச் செய்வது. அப்படிப் பார்த்தால் டிசம்பர் 31, அப்பன்செல் பகுதியில் இருக்கும் ஊர்நெஷ் கிராமம். விடிவதற்கு முன்பே ஆண்கள் ஆறேழு பேர் ஒரு குழுவாகக் கிளம்பிப் பண்ணைவீடு பண்ணைவீடாகப் போவார்கள். சிலர் பெண்வேடம். மார்பிலும் முதுகிலும் பெரிய பெரிய மணிகள். தலையில் வைத்திருக்கும் பலகையை அவசியம் கிட்டே போய்ப் பாருங்கள்: மரம் வெட்டுகிறவர், பாலாடைக்கட்டி காய்ச்சுகிறவர், வீடு, மாடு என்று விரல் அளவுப் பொம்மைகளாக ஒரு கிராமமே அதில் இருக்கும், எல்லாம் அவர்களே மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது. இந்த வேடக்காரர்களுக்குக் கிளாவுஸ் என்று பெயர், இவர்கள் அழகு வகை. இலை, வைக்கோல், மரச்சில்லு எல்லாவற்றையும் உடம்பில் கட்டிக்கொண்டு கோரமான முகமூடியில் வருகிறவர்கள் இன்னொரு வகை.

வீட்டுக்கு முன்னால் வந்ததும் குதித்துக் குதித்து மணியை ஆட்டுவார்கள், அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு வட்டமாக நின்று பாடுவார்கள். பாட்டில் வார்த்தையே கிடையாது, வெறும் குரல்தான், ஒருவர் எடுக்க மற்றவர்கள் சுருதி பிடிப்பார்கள். குளிரில், இருட்டில், அந்தக் குரல்களைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடி முடித்ததும் வீட்டுக்காரர் ஒயின் கொடுப்பார், முகமூடியைக் கழற்றக்கூடாதே, அதனால் உறிஞ்சுகுழலில் குடிப்பார்கள். கைகுலுக்கி வாழ்த்திவிட்டு அடுத்த வீடு.

இதே விழா ஜனவரி 13இலும் மறுபடி நடக்கும். நாம் இப்போது பயன்படுத்துகிற கிரிகோரியன் காலண்டரை அந்தப் பகுதிச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் ஏற்க மறுத்தார்கள், பழைய காலண்டர்படி வருடப்பிறப்புக்கு முந்தின நாள் அது. நமக்குப் போகி வருகிற சமயம். ஆனால் அதற்குள் இங்கே பள்ளி திறந்துவிடும், உங்களுக்குத் தோதுப்படாது.

தோ பாயோ குமரன்:
அண்ணே, 31ஆம் தேதி அங்கே நின்றால் பள்ளி திறப்பதற்குள் வந்து சேர முடியுமா? அதோடு கோர முகமூடி வேறு, 6 வயதுப் பையன் இருட்டில் அலறிவிடுவான்.

செங்காங் மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாமலை அண்ணன் எழுதியதைப் படித்ததும் மகள் இப்போதே மூட்டை கட்டத் தயார். அத்தைக்கு ஜெனிவா பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் இடையில் மூன்று வாரம் தங்க முடியாதே. ஊர்நெஷ் என்றால் அவரை எங்கே உட்கார வைப்பது? பாசல் நகரத்தில் ஃபாஸ்னாக்ட் என்று ஒரு விழா இருப்பதாகத் தோழி ஒருத்தி சொல்கிறாள், அது எப்படி?

ஈசூன் வாசுகி:
பாசல் விழா, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள், காலை 4 மணிக்கு ஆரம்பம். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும், பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. விட்டுவிடுங்கள்.

புக்கிட் பாஞ்சாங் அண்ணாமலை:
குமரன் தம்பி, ஜூரிக்கில் இருந்து நேரடி விமானம் இருக்கிறது, 1ஆம் தேதி ஏறினால் மறுநாள் சாங்கி. டிக்கெட்டை மட்டும் இப்போதே போடுங்கள், பிறகு விலை ஏறிவிடும்.

மீனா, கோசாவிலிருந்து சின்ன ரயில் நேராக ஊர்நெஷ் போகும். இருட்டில் எல்லாரும் போக வேண்டியதில்லை, மகளும் அப்பாவும் விடியலில் பண்ணை பக்கம் நடக்கட்டும். நீங்கள் மூவரும் பொழுது வெளுத்த பிறகு வாருங்கள், கிராமத்துக்குள்ளேயே குழுக்கள் வரும், மாமியார் ஓர் உணவகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். ரோஷ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும், பன்றி இறைச்சி போடாமல் கேட்டு வாங்குங்கள். முந்தின நாளே போக முடிந்தால், அங்கே வழக்கங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு மகனை அங்கே அழைத்துப் போங்கள். முகமூடி சும்மா இருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் மறுநாள் பயம் பாதி போய்விடும்.