போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கிறது, என்ன செய்வது? சின்னாளப்பட்டிக்காரர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா ஓய்வு பெற்றதும் சென்னை வாடகைக்குக் கும்பிடு போட்டுவிட்டு சின்னாளப்பட்டிக்குக் குடிவந்து ஏழு மாதமாகிறது. ஊர் பிடித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் சுங்குடிச் சேலை வேலை நடக்கிறது, பின்பக்கம் சிறுமலை, அவசரமென்றால் அரை மணியில் திண்டுக்கல். பிரச்சினை தண்ணீர்தான்.

குடிக்க பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். துவரம்பருப்பு நாலு விசில் விட்டும் முழித்துக்கொண்டு கிடக்கிறது. கெய்சர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பொருக்கு, விரல் கனம் இருக்கும். அம்மா புளியும் உப்பும் வைத்துக் குழாயைத் தேய்க்கிறார், இரண்டே நாளில் பழையபடி.

கடைக்காரர் வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) போடச் சொல்கிறார். அது கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு) குறையாது என்று படித்தேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அதனால் சமையலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாமென்று தோன்றுகிறது. அப்புறம், சாஃப்ட்னரை அவ்வப்போது உப்புப் போட்டுக் கழுவும்போது வரும் உப்புக் கரைசல் கழிவைத் தென்னைக்கும் விட முடியாது. எங்கே விடுகிறீர்கள்?

இந்தப் பக்கம் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள், மாதம் எத்தனை கிலோ உப்பு ஆகிறது என்று சொல்லுங்கள். மாடி மழைநீரை வடிகட்டி போர் பக்கத்தில் இறக்கியவர்கள் யாராவது உண்டா? உப்பு குறைந்ததா? கொத்தனாரிடம் கேட்டால் சிரிக்கிறார்.