டா நாங் வெண்சிலைப் படம்: குறிப்பில் என்ன எழுதலாம்?

கேள்வி
வியட்நாமின் டா நாங் நகரில், சோன் ட்ரா தீபகற்பத்து லின் உங் கோயிலில் எடுத்த படம். கையில் குடுவையுடன் கடலைப் பார்த்து நிற்கும் வெண்சிலை. அதன்முன் சாம்பல் நிற அங்கியில் ஒரு பெண், ஊதுபத்தி ஏந்திக் கும்பிடுகிறார். ஓரத்தில் பலவண்ணக் கொடி, கதவில் ஸ்வஸ்திகா. "பெண் புத்தர் சிலைமுன் பிக்குணி" என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ஐரோப்பியக் கண்காட்சி ஒன்றுக்குப் போகிறது. சரிதானா?

பதில் 1
"பெண் புத்தர்" என்பதை எடுத்துவிடுங்கள். அது சுற்றுலாக்காரர்கள் சூட்டிய பெயர். அவர் குவான் தே ஆம், சுருக்கமாகக் குவான் ஆம்: உலகின் ஓலத்தைச் செவிமடுப்பவர் என்று பொருள். நமக்குத் தெரிந்த அவலோகிதேஸ்வரர்தான், புத்தரல்ல, போதிசத்துவர்: புத்தநிலையை நோக்கிச் செல்பவர். இந்தியச் சிற்பங்களில் ஆண் வடிவம், சீனத்தில் பெண் வடிவமாகி வியட்நாமிலும் அப்படியே நிலைத்தது. அங்கே ஓதும் "நாம் மோ குவான் தே ஆம் போ தாத்" என்பதில் நாம் மோ நம்முடைய 'நமோ', போ தாத் 'போதிசத்துவர்'. இந்த ஒலியுறவைக் கண்டுகொண்டால் படமே வேறாகத் தெரியும்.

சந்தேகம் வந்தால் மகுடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகப்பில் சிறிய அமிதாப புத்தர் அமர்ந்திருப்பார். குவான் ஆமுக்கு உறுதியான அடையாளம் அது. குடுவையில் இருப்பது துயர் தணிக்கும் அமுத நீர். கடலோடிகளுக்குக் காவல் என்பதால்தான் பார்வை கடல்மேல். உயரம் 67 மீட்டர், உள்ளே 17 தளங்கள்.

பதில் 2
'பிக்குணி' (பௌத்தப் பெண் துறவி) என்பதும் ஐயத்துக்குரியது. சாம்பல் அங்கி, அங்கே கோயிலுக்கு வரும் இல்லறத்தார் அணியும் ஆவ் லாம். தலை மழிக்கப்படாமல் இருந்தால் 'பக்தை' என்றே எழுதுங்கள். கையில் மூன்று பத்தி என்றால் புத்தம், தம்மம், சங்கம். ஒற்றைப்படையில் ஏற்றுவதே வழக்கம்.

கொடி, உலக பௌத்தக் கொடி: நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு, ஆறாவது பட்டையில் ஐந்தும் சேர்ந்து. 1885-இல் இலங்கையில் பிறந்தது. இதை வெறும் அலங்காரமாக விட்டுவிடாதீர்கள். 1963 மே மாதம் வியட்நாமின் ஹுவே நகரில், புத்தர் பிறந்தநாளான வெசாக் அன்று இதைப் பறக்கவிடத் தடை வந்ததும் மக்கள் திரண்டார்கள், உயிர்கள் போயின. அடுத்த மாதம் 11-ஆம் தேதி சைகோனில் திச் குவாங் டுக் என்ற பிக்கு தீக்குளித்ததும் அந்தப் போராட்டத்தில்தான்.

ஸ்வஸ்திகாவை அங்கே 'வான்' என்பார்கள். பத்தாயிரம் என்ற பொருள், அதாவது எல்லா நற்குணமும். புத்தர் சிலைகளின் மார்பிலும் இருக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் படம் என்பதால் இதைக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லியே ஆக வேண்டும்.

பதில் 3
அனுப்புமுன் படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிலைக்குக் குடுவை இடக்கையில், முத்திரை வலக்கையில். மாறியிருந்தால் ஸ்வஸ்திகாவின் சுழற்சியும் மாறியிருக்கும், பலகை எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும்.

பின்னால் அடர்பச்சை மலை என்றால் கேமரா மலைக்கேற்ப ஒளியைக் கூட்டி, சிலையின் வெண்ணிற அங்கி மடிப்புகளை வெளுக்கவைத்துவிடும். ரா கோப்பு (கேமரா பதிந்த மூலக் கோப்பு) இருந்தால் வெளிச்சப் பகுதியைக் குறைத்து மடிப்புகளை மீட்கலாம். முற்றிலும் வெளுத்த இடம் திரும்பாது.

கேட்டவர்
முடி இருக்கிறது, பிக்குணி அல்ல. குடுவையும் இடக்கையில்தான். மாற்றிய குறிப்பு: "குவான் ஆம் போதிசத்துவர் முன் ஒரு பக்தை, லின் உங் கோயில், டா நாங். கதவில் உள்ளது 'வான்', பௌத்த மங்கலச் சின்னம். இடப்பக்கம் உலக பௌத்தக் கொடி."